கால் பார்க்கிறவர்

அன்றைக்கு எனக்கு ஏ ஷிஃப்ட். காலை ஆறு மணிக்கு உள்ளே போனவன் மதியம் இரண்டுக்கு வெளியே வந்தேன். உடை மாற்றும் அறை பெஞ்சில் உட்கார்ந்து வலது கால் ஷூவைக் கழற்றியதும் உள்ளேயிருந்து ஒரு நட்டு சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும். சாக்ஸ் ஈரமாக இருந்தது. கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் மில்லில் வேலை செய்கிறவனுக்கு சாக்ஸ் நனைவது புதிதா என்ன. வியர்வை என்று நினைத்துத்தான் பிழிந்தேன். விரலெல்லாம் சிவப்பாகிவிட்டது.

எட்டு மணி நேரம் அந்த நட்டின் மேல் நின்றிருக்கிறேன், நடந்திருக்கிறேன், இரும்பு ஏணி ஏறி இறங்கியிருக்கிறேன். இரண்டாவது விரலுக்குக் கீழே சதையில் நட்டின் ஆறு மூலையும் தெரிகிற மாதிரி பள்ளம் விழுந்திருந்தது. வலி மட்டும் இல்லை. அழுத்திப் பார்த்தேன். அப்போதும் இல்லை.

பக்கத்து லாக்கர்க்காரர் எங்கள் மில்லின் ஃபிட்டர். என் வயதுதான், நாற்பத்தாறு. அவர் குனிந்து நட்டை எடுத்துப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார்.

"சக்கர எத்தினி வருசமா கீது?" என்றார்.

பன்னிரண்டு வருடம் ஒரே மில்லில் வேலை செய்தும் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்காதபடி நான் பார்த்துக்கொண்டேன். தெரிந்தால் கம்பி வெட்டும் மெஷினிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயம். மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்திருந்து கழிவறையில் போய் விழுங்குவேன். பல நாள் அதையும் மறந்துவிடுவேன்.

"இல்லியே," என்றேன்.

"இப்டியே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஊட்டுக்குப் போய்ட்டுப் போலாம்னு நெனைக்காதீங்க," என்றார். "இது என் டூல்ஸ் டப்பாலேர்ந்துதான் வுழுந்திருக்கும். காலைல அவசரத்துல உங்க ஷூ மேல வெச்சுத்தான் தொறந்தேன்."

அதை அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். மில் முழுக்க நட்டு கிடக்கிறது, யாருடையது என்று யார் கேட்கப்போகிறார்கள். நான் ஒரு பிளாஸ்டரை ஒட்டிக்கொண்டு பொன்னேரிக்கு ரயில் ஏறி நேராக வாடகை வீட்டுக்குத்தான் போனேன். ஷூ கடித்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன்.

எனக்குச் சர்க்கரை வந்து அப்போது நாலு வருடம். எங்கள் குடும்பத்துக்கு ஆரணி ஆற்றோரம் நெல் நிலம் இருக்கிறது. அண்ணன் பயிர் வைக்கிறார். மூட்டை மூட்டையாக வீட்டு அரிசி வரும். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவும் சோறு. மில் கேண்டீனில் தட்டு நிறையச் சோறு கொட்டி, போதும் என்று கை காட்டினால் பரிமாறுகிறவர் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். உலைப் பக்கம் நிற்கிறவன் சாப்பிடாவிட்டால் யார் சாப்பிடுவது. நடுவில் ஐந்து டீ, எல்லாமே சர்க்கரைப் பாகு மாதிரி. ஓவர்டைம் இருந்தால் கேட்டுக்கு வெளியே பரோட்டா. இது ஒன்றும் நான் மட்டும் சாப்பிட்ட சாப்பாடு இல்லை. மில் கேட்டுகளுக்கு வெளியே ஆறாயிரம் சைக்கிளும் பைக்கும் நிற்கிற ஊரில் எல்லாருடைய சாப்பாடும் இதுதான்.

ஐந்தாம் நாள் எனக்குக் காய்ச்சல். வேலைக்குப் போகவில்லை. மதியம் மூன்று மணிக்கு வீட்டு வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. ஃபிட்டர் சட்டையில் கிரீஸோடு நின்றார். என் வீடு அவருக்குத் தெரியாது. ஸ்டேஷனில் இறங்கி விசாரித்து, தெரிந்தவரிடம் பைக் வாங்கி வந்திருக்கிறார். உள்ளே வந்து பிளாஸ்டரைப் பிரித்தார். எனக்கு வராத நாற்றம் என் மனைவிக்கு வந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கெளம்புங்க," என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு உடனே சென்னைப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள். அங்கே எலும்பு வரை போய்விட்டது என்று இரண்டாவது விரலை எடுத்தார்கள். இன்னும் மூன்று நாள் விட்டிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம் என்றார் டாக்டர். அவர் குரலில் கோபம் இல்லை, சலிப்புதான் இருந்தது. அந்த வார்டைப் பார்த்தால் சலிக்காமல் என்ன செய்யும். லாரி ஓட்டுகிறவர், இட்லிக் கடை அம்மா, கொத்தனார், ஸ்கூல் வாத்தியார், மீன் விற்கிறவர் என்று எல்லாரும் காலை நீட்டிப் படுத்திருந்தார்கள். பாதிப் பேர் எங்கள் ரயில் மார்க்கத்துக்காரர்கள். எண்ணூர், மீஞ்சூர், கவரைப்பேட்டை என்று ஸ்டேஷன் பேர் சொல்லித்தான் ஒருவரையொருவர் கூப்பிட்டுக்கொண்டோம். மீஞ்சூர்க்காரருக்கு இரண்டாவது காலும் போய்விட்டது. "மொதல் கால் போனப்பவே சோத்தக் கொறைச்சிருக்கணும் நைனா. எவன் கேட்டான்," என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் மனைவி சிரிக்கமாட்டாள்.

இரண்டரை மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். வெட்டும் மெஷினிலிருந்து எடுத்துவிடவில்லை. நான் வருடக்கணக்காகப் பயந்தது நடக்கவே இல்லை. முதல் நாள் காலை ஐந்தேமுக்காலுக்கு பெஞ்சில் உட்கார்ந்து சாக்ஸ் போடப்போனேன். ஃபிட்டர் எனக்கு எதிரே ஒரு பெயிண்டு டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காலைக் குடுங்க," என்றார்.

நான் காலை உள்ளிழுத்துக்கொண்டேன்.

எதற்கு இழுத்துக்கொண்டேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அவருடைய அப்பா எங்கள் நிலத்தில் நாற்று நட்டவர். எங்கள் கிராமத்துக்கு அடுத்து, சின்னத் தேவாலயம் இருக்கிற தெருவில் அவர்கள் வீடு. அவர் ஐடிஐ படித்து ஃபிட்டர் ஆனார், நான் பிளஸ் டூவோடு நிறுத்தி, பிறகுதான் மில்லுக்கு வந்தேன். சம்பளத்தில் அவர் எனக்கு ஒரு படி மேல். இருந்தாலும் பன்னிரண்டு வருடமாக அவர் என்னை நீங்க என்பார், நான் அவரை நீ என்பேன். அதை நான் கவனித்ததுகூட இல்லை. அப்படிப்பட்டவர் என் காலை மடியில் தூக்கி வைக்கப்போகிறார் என்றதும்தான் எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. காலைத் தொடுவது என்றால் நம் பக்கத்தில் அதற்கு இருக்கிற அர்த்தமே வேறு.

"வாணாம்பா. நானே பாத்துக்கறேன்," என்றேன்.

"உள்ளங்கால நீங்க எப்டிப் பாப்பீங்க? தொப்ப வுடாது," என்றார். "எங்கக்காவுக்கு முட்டிக்குக் கீழ எடுத்தாங்க. அவுங்களும் நானே பாத்துக்கறேன்னுதான் சொன்னாங்க. குடுங்க, டைம் ஆவுது."

கொடுத்தேன். என் குதிகாலை முழங்காலில் வைத்துக்கொண்டு விரல் இடுக்கு ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். புறங்கையை உள்ளங்காலில் வைத்துச் சூடு பார்த்தார். மற்றக் காலிலும் வைத்து ஒப்பிட்டார். பிறகு மெஷின் துடைக்கிற வேஸ்ட் பஞ்சிலிருந்து புதிதாக ஒரு நூலை உருவி, "கண்ண மூடிக்கோங்க. தொட்டா சொல்லுங்க," என்றார்.

காத்திருந்தேன். "தொடு," என்றேன்.

"நாலு தபா தொட்டுட்டேன்," என்றார்.

கண்ணைத் திறக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் என் சாக்ஸை உதறி, ஷூவுக்குள் கைவிட்டுத் தடவிப் பார்த்துக் கொடுத்தார். நான் எழுந்தேன். "எங்க போறீங்க?" என்று பெயிண்டு டப்பாவை என் பக்கம் தள்ளினார். அவர் பெஞ்சில் உட்கார்ந்து தன் ஷூவைக் கழற்றி, காலை நீட்டினார்.

"எனக்கு ஒம்போது வருசம். நீங்க பாருங்க இப்ப."

நான் நின்றேன். ஷிஃப்ட் மாறுகிற நேரம், அறையில் பத்துப் பதினைந்து பேர். எல்லாருக்கும் எங்கள் இரண்டு பேர் ஊரும் தெரியும்.

"நான் பாத்தா நீங்க பாக்கணும். இல்லாட்டி நாளைலேர்ந்து நானும் பாக்கமாட்டேன்," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். ஸ்பேனர் எடுத்துக்கொடு என்கிற மாதிரி.

உட்கார்ந்து அவர் காலை எடுத்து மடியில் வைத்தேன். சுத்தமான கால். நகம் நேராக வெட்டியிருந்தது, குதிகாலில் எண்ணெய் தடவியிருந்தார். ஒன்பது வருடத்தில் ஒரு கீறல் இல்லை. என் காலை நான் ஒரு நாள்கூட இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று அப்போது வெட்கமாக இருந்தது. நூலால் தொட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு இடமாகச் சரியாகச் சொன்னார்.

"நல்லா இருக்குதுங்க," என்றேன்.

அவர் கண்ணைத் திறந்து சிரித்தார். "இன்னா திடீர்னு மரியாத. நீன்னே சொல்லு. நானும் நீன்னே சொல்றேன், கணக்கு சரியாப் பூடும்."

அன்றிலிருந்து அவர் என்னை நீ என்றுதான் பேசுகிறார்.

ஒரு வாரம் மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். சிலர் கிண்டல் செய்தார்கள். இரண்டாவது வாரம் உலை ஆபரேட்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அண்ணே, எனக்கும் ஒருவாட்டி," என்று வந்து உட்கார்ந்தார். அவருக்குச் சர்க்கரை இருப்பது அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது. பிறகு கிரேன் ஓட்டுகிறவர், ஸ்டோர்ஸ்காரர். மூன்று மாதத்தில் ஒன்பது பேர் ஆனார்கள். ஒரே சட்டம்தான். பார்க்கப்பட்டவர் இன்னொருவரைப் பார்க்க வேண்டும். யார் யாரைப் பார்ப்பது என்பதும் தினம் மாறும். யாரும் யாருக்கும் நிரந்தரமாக வேலைக்காரன் ஆகிவிடக் கூடாது என்பதில் ஃபிட்டர் கண்டிப்பாக இருந்தார்.

ஒடிசாவிலிருந்து வந்த வெல்டர் ஒருவர், தன்னைவிட மூத்தவர் தன் காலைத் தொடுவது பாவம் என்று பெஞ்சைச் சுற்றிச் சுற்றி ஓடினார். ஃபிட்டர் தனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையை வைத்து அவரை உட்காரவைத்தார். அவர் குதிகாலில் ஒரு கொப்புளம், உடைகிற நிலையில். ரத்தம் டெஸ்ட் பண்ணியதில்தான் சர்க்கரை இருப்பதே அவருக்குத் தெரிந்தது. கொப்புளம் பத்து நாளில் ஆறிவிட்டது. எனக்குப் போன மாதிரி அவருக்கு எதுவும் போகவில்லை.

ஒரு நாள் சேஃப்டி ஆபீசர் உள்ளே வந்துவிட்டார். அவர் பார்த்தபோது கிரேன்காரர் காலைப் பிடித்தபடி நான் குனிந்திருக்கிறேன். ஏதோ சண்டை, காலில் விழுந்து மன்னிப்பு கேட்கிறான் என்று நினைத்துவிட்டார். "என்ன நடக்குது இங்க?" என்றார்.

"மெஷினுக்கு டெய்லி ஆயில் பாக்கறோம் இல்ல சார், அந்த மாதிரி," என்றார் ஃபிட்டர். "பாத்தா பிரேக்டவுன் வராது."

ஆபீசர் பெயிண்டு டப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார். நாலு நாள் கழித்து, சுவரில் தரையோடு தரையாக ஒரு நீளக் கண்ணாடி மாட்டினார்கள். பாதத்தைத் தூக்கினால் உள்ளங்கால் தெரிகிற மாதிரி. நல்ல மனிதர். ஃபிட்டர் நன்றி சொல்லிவிட்டு, "ஆனா கண்ணாடி தொட்டுப் பாக்காது சார்," என்றார். பெயிண்டு டப்பா அங்கேயேதான் இருந்தது.

அந்த வருடம் மெடிக்கல் செக்கப்பில் கண், காது, நுரையீரலோடு சர்க்கரையும் பிரஷரும் சேர்க்கலாம் என்று ஆபீசரே கேட்டு வந்தார். நாங்கள் ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்துக்கொண்டோம். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு ரிப்போர்ட்டில் ஏதாவது வந்தால் மறுநாள் கேட் பாஸ் இருக்காது. ஃபிட்டர்தான் பேசினார். "ரிப்போர்ட்டு அவனவன் கைல மட்டும் குடுக்கறதா இருந்தா எல்லாரும் வருவோம் சார். ஆபீஸுக்குப் போவும்னா நானும் வரமாட்டேன்." ஆபீசர் முதலில் முடியாது என்றார். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஒரு மாதம் இழுத்தது. கடைசியில் ஒட்டிய கவரில் அவரவர் கையில் கொடுத்தார்கள். எத்தனை பேருக்கு என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் மறு வாரம் கேண்டீனில் சர்க்கரை போடாத டீக்குத் தனி கேன் வைக்க வேண்டியதாகிவிட்டது. அது முதலில் காலியானது.

ஃபிட்டரைச் சாமியார் என்று நினைத்துவிடக் கூடாது. பிரியாணி என்றால் உயிர். கிறிஸ்துமஸ் அன்று மூன்று பேர் சாப்பாட்டை ஒரே ஆளாகச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் ரத்தம் குத்திப் பார்த்து, நம்பரை எங்களிடம் காட்டித் தலையில் அடித்துக்கொள்வார். மற்ற நாளில் அவர் டப்பாவில் கேழ்வரகுக் களியும் கீரையும் இருக்கும். சில நாள் சுட்ட கருவாடும் இருக்கும். "புடிச்சுத் தின்றேன்னு நெனைக்காத. சொம்மா முழுங்கறேன்," என்பார். யாருக்கும் இதைச் சாப்பிடு, அதை விடு என்று சொன்னதில்லை. கால் மட்டும்தான் பார்ப்பார்.

போன தை மாதம், அறுப்பு முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவரை எங்கள் கிராமத்து வீட்டுக்குக் கூப்பிட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "சின்னதுல எங்க நைனா கூட வந்துகீறேன். களத்துமேடு வரைக்கும்," என்றார். பிறகு, "சரி வா, போலாம்," என்றார்.

அம்மா வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். யார் மகன் என்று அவளுக்குத் தெரியும். என் காலைக் காப்பாற்றிக் கொடுத்தவர் என்றும் தெரியும். இரண்டையும் மனதில் எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினாள். டீ கொண்டுவந்தாள்.

"சக்கர இல்லாமக் குடுங்கம்மா," என்றார்.

"உனக்கும் சக்கர கீதா?" என்றாள் அம்மா.

"பத்து வருசம் ஆவப்போவுது."

"எனக்குப் பதினொண்ணு," என்றாள் அம்மா. அதற்கப்புறம் அவர்கள் இரண்டு பேரும் மாத்திரை, பசி, தலைசுற்றல் என்று பேச ஆரம்பித்து என்னை மறந்தேபோனார்கள்.

கால் பார்ப்பதற்கு ஞாயிறும் லீவு கிடையாது. கிளம்பும் முன்னால் நான் அவரிடம் காலை நீட்டச் சொன்னேன். எங்கள் வீட்டு வராந்தாவில், அண்ணன் நெல் மூட்டை எண்ணிக்கொண்டிருக்க, தெருவில் ஆள் போய்க்கொண்டிருக்க, அவர் காலை என் மடியில் வைத்து விரல் இடுக்கு பார்த்தேன். அண்ணன் எண்ணுவதை நிறுத்திவிட்டார். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சட்டென்று திரும்பிப் பின்பக்கம் போய்விட்டாள். கோபம் என்றுதான் நினைத்தேன். ஃபிட்டரும் அப்படித்தான் நினைத்திருப்பார், காலை மெதுவாக இறக்கிக்கொண்டார்.

அம்மா திரும்பி வந்தபோது சேலை விளிம்பு நனைந்திருந்தது. இரண்டு காலையும் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்து, "என்னுதையும் பாருப்பா," என்றாள்.

அவர் பெயிண்டு டப்பா இல்லாததால் தரையில் உட்கார்ந்தார். வழக்கம்போல எல்லாம் செய்தார். கட்டைவிரல் ஓரத்தில், செருப்பு வார் உரசுகிற இடத்தில், அவர் புறங்கை நின்றது. மறுபடி வைத்துப் பார்த்தார். "இங்க சுடுது. வலிக்குதாம்மா?"

"ஒண்ணும் தெரியலியே."

"நாளைக்கே பொன்னேரிக்கு இட்டுக்கினு போ," என்றார் என்னிடம். பிறகு அம்மாவிடம், "சின்னதுதாம்மா. இப்பவே பாத்ததால சின்னது," என்றார்.

அம்மா நாற்காலியிலிருந்து இறங்கி அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "நான் உன் காலைப் பாக்க வாணாமா? அதுதானே உங்க சட்டம்," என்றாள். நான் சொல்லியிருந்தேன். கண் சரியாகத் தெரியாதவள் அவர் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அதிக நேரம், விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "நல்லா வெச்சிகினு கீற," என்றாள். அவர் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் புண் மூன்று வாரத்தில் ஆறியது. செருப்பை மாற்றிவிட்டோம்.

இந்த வருடம் ஃபிட்டருக்குச் சிறுநீரகம் லேசாகத் தளர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷிஃப்ட் வேலை வேண்டாம் என்று பகல் நேரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள், டூல்ஸ் ரூமில். முதலில் கொஞ்சம் ஒடுங்கிப்போனார். "கால மட்டும் பாத்துக்கினு இருந்துட்டேன், இது உள்ள வேல பண்ணிக்கினு இருந்துகீது," என்றார். இப்போது உப்பையும் குறைத்துவிட்டார், கருவாட்டை விட்டதுதான் கஷ்டம் என்கிறார். மதியம் இரண்டு மணிக்கு ஏ ஷிஃப்ட் முடிகிற நேரம் சரியாக உடை மாற்றும் அறைக்கு வந்துவிடுகிறார். பெஞ்சில் இப்போது பதினாலு பேர். நேற்று நான் அவர் காலைப் பார்த்தேன். கணுக்காலில் லேசாக வீக்கம் இருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. சொன்னேன்.

"எவ்ளோ?" என்றார்.

"கொஞ்சம்தான். நாளைக்கு லீவு போடு, டாக்டர்கிட்ட நானும் வரேன்."

"நீ எதுக்கு? நானே போய்க்கறேன்."

"இப்டிச் சொன்னவங்களத்தான் நீ ஒத்துக்கமாட்டியே," என்றேன்.

சரி என்றார். இன்றைக்குக் காலை எட்டரை மணி ரயிலில் போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.